கூட்டத்தின் பெயர் 'த்ரெட்'

"யார் மிரட்டினது? ஒரே ஆளா? என்ன சொன்னான்?" காவல் நிலையத்தில் கேட்கப்படும் கேள்விகள் இவை. பேசினது ஒருத்தன்தான், ஆனா அவன் முதுகுக்குப் பின்னால ஊரே நிக்குதுன்னு சேரி சனத்துக்குத் தெரியும். புகார்த்தாளில் அந்த ஊருக்கு இடமில்லை. ஆங்கிலச் சொல் ஒன்றின் வயிற்றுக்குள் அந்த ஊர் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

மிரட்டலைக் குறிக்கும் 'த்ரெட்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் முதற்பொருள் மிரட்டல் அல்ல, கூட்டம், படைத்திரள். 'பெயோவுல்ஃப்' காவியத்தின் தொடக்க வரிகளிலேயே பகைவர் கூட்டங்களைக் குறிக்க அது வருகிறது. கூட்டம் என்பது நெருக்குதல், ஒடுக்குதல் என்றாகி, கடைசியில்தான் வாய்ப்பேச்சுக்கு வந்து சேர்ந்தது. அதன் வேருக்குத் 'தள்ளு, நெருக்கு' என்று பொருள். அழையாமல் நுழைவதைச் சொல்லும் 'இன்ட்ரூட்' அதற்கு ஒன்றுவிட்ட உறவு.

தமிழில் மிரட்டு என்பது மிரள் என்பதிலிருந்து வருகிறது. மாடு மிரளுது என்கிறோமே, அந்த மிரள்தான். அச்சுறுத்தலுக்குள் அச்சம் இருக்கிறது. 'இன்டிமிடேஷன்' என்பதற்குள்ளும் பயந்தவனைக் குறிக்கும் லத்தீன் சொல்தான். இவையெல்லாம் பயந்தவன் பக்கம் திரும்பி நிற்கிற சொற்கள். "நீ எதுக்குய்யா பயந்தே?" என்று பாதிக்கப்பட்டவனையே கேட்க இவை வழிவிடுகின்றன. 'த்ரெட்' மட்டும்தான் பயமுறுத்த வந்து நின்றவர்களின் பக்கம் கைகாட்டுகிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இதைச் சட்டமாகவே கண்டார்கள். கு க்ளக்ஸ் க்ளானுக்கு எதிராக 1871இல் வந்த சட்டம், வன்முறையாலோ மிரட்டலாலோ ஒருவர் பதவி ஏற்பதைத் தடுக்க 'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்' கூடிச் சதி செய்வதைக் குறிவைத்தது. மிரட்டலுக்குள் கூட்டம் இருப்பதை அது ஒத்துக்கொண்டது. ஆனால் 1883இல், டென்னசியில் கைதிகளை ஒரு கும்பல் பறித்துத் தாக்கிய வழக்கில், அச்சட்டத்தின் முக்கியமான தண்டனைப் பிரிவு ஒன்றை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கும்பல் தப்பித்தது.

1860இன் இந்திய தண்டனைச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவைத்தது. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சட்டவிரோதமான பொது நோக்கத்தோடு கூடினால் அது 141ஆம் பிரிவில் சட்டவிரோதக் கூட்டம். மிரட்டல் என்பதோ வெகு தூரம் தள்ளி, 503ஆம் பிரிவில், ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குச் செய்வது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள நியாய சன்ஹிதாவிலும் மிரட்டல் தனியாக 351ஆம் பிரிவில்தான் இருக்கிறது.

இந்தப் பிரிவினையின் விலை என்னவென்று மேலவளவு சொல்லும். 1996இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மனுப் போட்டவர்கள் மிரட்டலுக்குப் பிறகு திரும்பப் பெற்றார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலேயே வந்திருந்தது; ஓட்டுப் போடுவதில் மிரட்டினால் குற்றம் என்றது, வேட்புமனுவைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு நடந்த தேர்தலில் வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். மனுப் போடவிடாமல் மிரட்டுவதும், போட்ட மனுவைத் திரும்பப் பெற வைப்பதும் அச்சட்டத்தில் வெளிப்படையாகக் குற்றமானது 2016 ஜனவரியில். இருபது வருசம் கழித்து!

ஆகவே தோழர்களே, சாட்சியம் பதிவு செய்யும்போது, புகார் எழுதும்போது, சொன்னவன் பேரோடு நிறுத்திவிட வேண்டாம். டீக்கடைப் பக்கம் நின்றவன் யார், வண்டி கொடுத்தவன் யார், கோயில் வாசலில் கூட்டம் போட்டது எத்தனை பேர், பார்த்துக்கொண்டே சும்மா இருந்த அதிகாரி யார், எல்லாத்தையும் எழுதுங்கள். நம்ம சனம் பயந்தாங்கொள்ளிகள் அல்ல. எதிரே நின்றவர்களைச் சரியா எண்ணிப் பார்த்தவர்கள். அந்த எண்ணிக்கைதான் காகிதத்தில் ஏற வேண்டும்.