யாரைப் பகிஷ்கரிப்பது: 1905, 1930, ஒரு தேநீர்க் கடை

சென்ற வாரம் விடுதி மாணவர்கள் சிலர் ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் கேட்டார்கள். இனி நாம் எதுவும் வாங்கக் கூடாத நிறுவனங்களின் பட்டியல் அது. மொத்தம் பதினொரு பெயர்கள். பெரும்பாலானவை கண்டம் கடந்து வணிகம் செய்பவை. அவற்றைக் குறித்து எனக்கு மறுப்பில்லை. பத்தாவது பெயர் வளாக வாசலில் இருக்கும் தேநீர்க் கடை. கடைக்காரர் ஏதோ ஓர் ஊர்வலத்தில் நின்றிருந்த படத்தை யாரோ பார்த்திருக்கிறார்கள். அந்த ஒரு பெயரை மட்டும் அடித்துவிட்டுக் கையொப்பமிட்டேன். "எந்த அளவுகோலைக் கொண்டு அடித்தீர்கள், அக்கா?" என்று ஒரு மாணவி கேட்டார். அங்கே நின்றபடி சொல்ல முடியாத விடையை இங்கே எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1880இல் அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஒரு நிலக்கிழாரின் முகவராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். குத்தகை உழவர்களும் வேலையாட்களும் கடைக்காரர்களும் அவரோடு எல்லாத் தொடர்பையும் அறுத்துக்கொண்டார்கள். அவர் பெயரே அந்தச் செயலின் பெயராகிவிட்டது. இந்தியாவுக்கு அச்சொல் வந்தபோது மராத்தியிலும் தமிழிலும் அதற்கு இணையாக அமர்ந்தது 'பகிஷ்காரம்'. ஆனால் பகிஷ்காரம் புதிய சொல்லன்று. சாதியிலிருந்து ஒருவரைப் புறந்தள்ளுவது அதன் பழைய பொருள். நாவிதர் வரமாட்டார், வண்ணார் துணி எடுக்கமாட்டார், கிணறு கிடையாது. அயர்லாந்தில் குத்தகையாளர் நிலக்கிழாரின் ஆளுக்குச் செய்ததை, நம் ஊர்களில் நிலம் உடையோர் இல்லாதோருக்குச் செய்துவந்தனர். இந்த இரண்டு வரலாறுகளும் ஒரே சொல்லுக்குள் குடியேறின. பின்னால் நேர்ந்த குழப்பங்களுள் பல இதிலிருந்து பிறந்தவை என்பது என் எண்ணம்.

1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா நகர மண்டபத்தில் பகிஷ்காரத் தீர்மானம் நிறைவேறியது. வங்கப் பிரிவினைக்கு எதிர்ப்பாக மான்செஸ்டர் துணியையும் லிவர்பூல் உப்பையும் வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. இலக்கு தெளிவாகவே இருந்தது. இலங்காஷயர் ஆலைகளின் நட்டம் இலண்டனில் எதிரொலிக்கும் என்ற கணக்கும் பிழையன்று. ஆனால் அந்த முடிவை ஊர்ச் சந்தைகளில் செயல்படுத்தியவர்களின் கையில் இருந்தது பழைய கருவி. காளிகாட்டு வண்ணார்கள் அந்நியத் துணியை வெளுக்க மறுத்ததையும், மைமன்சிங்கில் செருப்புத் தைப்பவர்கள் ஆங்கிலேயக் காலணிகளைத் தொட மறுத்ததையும் பாடநூல்கள் பெருமையுடன் சொல்லும். பெருமைக்கு உரியனவும்கூட. அதே இயக்கத்தில் ஜமீன்தார்களின் ஆட்கள் சந்தைக்குள் புகுந்து, மலிவான துணியும் உப்பும் விற்ற சிறு வணிகர்களை மிரட்டியதும் நடந்தது. கிழக்கு வங்கத்தில் நிலக்கிழார்கள் பெரும்பாலும் உயர்சாதி இந்துக்கள்; உழவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களும் நாமசூத்திரர்களும். சுதேசித் துணிக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியவர்கள் யார் என்ற கேள்வியைக் கல்கத்தா மண்டபத்தில் எவரும் எழுப்பவில்லை. 1907இல் ஜமால்பூரில் வகுப்புக் கலவரம் வெடித்தபோது இந்தக் கசப்பும் அதன் பின்னணியில் இருந்தது. சுமித் சர்க்காரின் 1973ஆம் ஆண்டு நூலைப் படிக்காமல் சுதேசி இயக்கத்தைப் பற்றி முழங்குவோர் முதலில் அதைப் படிக்கலாம். அதற்கும் நேரமில்லாதவர்களுக்கு 1916இல் வெளிவந்த தாகூரின் 'கரே பைரே' நாவல் இருக்கிறது. தன் சந்தையில் அந்நியப் பொருளைத் தடைசெய்ய மறுக்கும் அந்த ஜமீன்தார் நிகிலேஷை அன்றைய வாசகர் பலர் மன்னிக்கவில்லை.

கூடுதல் விலை எங்கே போயிற்று? காந்தி தம் சுயசரிதையில் ஓர் உரையாடலைப் பதிவுசெய்திருக்கிறார். வங்கத்துக் கொந்தளிப்பின் உச்சத்தில் நாங்கள் துணி விலையை ஏற்றினோம், அதைவிட மோசமானவற்றையும் செய்தோம் என்று ஓர் ஆலை அதிபர் அவரிடமே ஒப்புக்கொள்கிறார். கூச்சம் சிறிதுமின்றி.

இந்தப் பாடம் பின்வந்தோருக்கு ஓரளவு எட்டியிருந்தது. பிரிட்டிஷ் பொருள்களை மட்டும் விலக்குவது தண்டிக்கும் நோக்குடையது என்று காந்தி நெடுங்காலம் அதை ஏற்காதிருந்தார். அந்நியத் துணி முழுவதையும் விலக்குவதே அவர் வழி. அதில் நடைமுறை விவேகமும் இருந்தது. மான்செஸ்டர் விட்டுச்செல்லும் இடத்தைப் பிடிக்க ஜப்பானியத் துணி காத்திருந்தது. 1930இல் சட்டமறுப்பு தொடங்கியதும் அடுத்த சிக்கல் எழுந்தது. பம்பாயில் நிற்கும் ஆலை இந்திய ஆலையா? பங்கு எவருடையது, நிருவாகம் எவருடையது, நூல் எங்கிருந்து வருகிறது? மோதிலால் நேரு பம்பாய், அகமதாபாத் ஆலை அதிபர்களுடன் பேசி ஒரு நிபந்தனைத் தொகுப்பை உருவாக்கினார். மூலதனமும் நிருவாகமும் பெரும்பாலும் இந்தியருடையதாக இருக்க வேண்டும். அந்நிய நூல் கூடாது. கதரோடு போட்டியிடக் கூடாது. இயன்றவரை இந்திய வங்கி, இந்தியக் காப்பீடு, இந்தியக் கப்பல். ஒப்பமிட்ட ஆலைக்கு விலக்கு உண்டு. மறுத்த ஆலை பகிஷ்காரப் பட்டியலில் சேரும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மதிப்பு உண்டு. வணிகர் காங்கிரஸை வளைத்தார்கள் என்ற விமரிசனத்தில் உண்மை இருக்கிறது. பட்டியலிலிருந்த சில ஆலைகள் மூடப்பட்டபோது தெருவில் நின்றவர்கள் தொழிலாளர்களே என்பதும் உண்மை. எனினும் 1905இல் இல்லாத ஒன்று இதில் இருந்தது. குற்றம் இன்னது என்று முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்திக்கொண்டு பட்டியலிலிருந்து வெளியேற ஒரு வாசலும் இருந்தது. எதிரே நின்றவர்களோ ஆலை அதிபர்கள். பேரம் பேசும் வலிமை உடையவர்கள்.

அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று பம்பாய்க் கால்பாதேவி பகுதியில் அந்நியத் துணி ஏற்றிவந்த லாரியை மறித்துப் பாபு கேனு என்ற இளம் ஆலைத்தொழிலாளி உயிரிழந்தார். அதே நாள்களில் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. அங்கே அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கூட்டாக அளித்த பாதுகாப்புத் திட்டத்தில் பகிஷ்காரத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்ற கோரிக்கை இடம்பெற்றது. ஒரு சொல்லுக்காக ஒருவர் லாரியின் முன் விழுகிறார். அதே சொல்லைக் குற்றப்பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார்கள் இருவர். மூவரும் சரியாகவே செய்தார்கள் என்றுதான் நான் கருதுகிறேன்.

அம்பேத்கருக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. 1927 மார்ச்சில் மகாடு சவுதார் குளத்தில் நீர் அருந்தியவர்களை ஊர்கள் எப்படிப் பழிவாங்கின என்பதை அவர் கண்டிருந்தார். அதே ஆண்டு அவர் தொடங்கிய இதழின் பெயர் 'பகிஷ்கிருத பாரத்'. அவர் உறுப்பினராக இருந்த பம்பாய் மாகாண ஸ்டார்ட் குழுவின் 1930ஆம் ஆண்டு அறிக்கை, பொதுக்கிணற்றைப் பயன்படுத்தியதற்கும் நிலம் வாங்கியதற்கும் மாப்பிள்ளையைக் குதிரையில் அழைத்துச் சென்றதற்கும் தாழ்த்தப்பட்டோர் முழுமையாக விலக்கிவைக்கப்பட்டதைப் பதிவுசெய்கிறது. கூலியும் குத்தகையும் கடைச்சரக்கும் ஒரே கூட்டத்தாரின் கையில் இருக்கும்போது அடி, உதையே தேவைப்படுவதில்லை.

கோரிய பிரிவுகளுக்கு மாதிரியாக அவர்கள் எடுத்துக்கொண்டது 1922ஆம் ஆண்டின் பர்மா பகிஷ்கார எதிர்ப்புச் சட்டம். பர்மியத் தேசியவாதிகளை ஒடுக்கக் காலனி அரசு இயற்றியது அது. அதை எடுத்தாளத் தயங்காத துணிவு ஒருபுறம் இருக்கட்டும். அந்த வரைவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பிறர் தூண்டுதலாலோ கூட்டுச்சதியாலோ உடன்படிக்கையாலோ அன்றி, ஒருவர் தாமாகவே தொடர்பை நிறுத்திக்கொண்டார் என்று நீதிமன்றம் கண்டால் அது குற்றமாகாது. தனிமனிதனின் மனச்சான்றுக்கு இடம் விட்டு, கூட்டத்தின் வலிமையை மட்டும் பிடித்திருக்கிறார்கள். பட்டியல், வன்கொடுமை வேறு, விருப்பம் வேறு என்று இன்று நாம் பேசுவதற்கெல்லாம் அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 2015ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம் பொருளாதாரப் பகிஷ்காரத்தையும் சமூகப் பகிஷ்காரத்தையும் வரையறுத்தபோது அந்தக் கோரிக்கைக்கு 85 வயது ஆகியிருந்தது.

இனி அந்தத் தேநீர்க் கடை. பட்டியலில் இருக்கும் பெருநிறுவனத்துக்கு நம் கையொப்பங்கள் ஒரு கொசுக்கடி. ஆயிரம் வளாகங்கள் சேர்ந்தால் ஒருவேளை காயமாகலாம். அதனிடம் நம் கோரிக்கை என்ன என்பதும் தாளில் எழுதப்பட்டிருந்தது. கடைக்காரரிடம் எந்தக் கோரிக்கையும் இல்லை. அவர் என்ன செய்தால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும் என்று கேட்டேன். எவரிடமும் விடை இல்லை. விடுதி முழுவதும் ஒரு வாரம் ஒதுங்கினால் அவர் அடுப்பு அணைந்துவிடும்.

அவருடைய அரசியல் எனக்கும் உவப்பானதன்று. அந்தக் கடையில் நான் தேநீர் குடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.