பறவைக் கையேடு: பெரியதா, சிறியதா?

வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் பறவை பார்க்கக் கிளம்புபவர் எந்தக் கையேட்டை வாங்குவது? இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு தேவை.

மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த கம்பெனி மருத்துவர் ஜெர்டன் 1843 முதல் 1847 வரை 50 வண்ணப் படங்களோடு ஒரு பறவை நூல் வெளியிட்டார். அழகான நூல்தான், ஆனால் காட்டுக்குத் தூக்கிப் போவதற்கானது அல்ல. அக்காலத்தில் பறவையைச் சுட்டு, அலகையும் சிறகையும் அளந்துதான் பெரும்பாலும் இனம் கண்டார்கள்!

1934-ல் அமெரிக்காவின் ரோஜர் டோரி பீட்டர்சன், தூரத்திலிருந்தே தெரியும் அடையாளங்களைப் படத்தில் கோடிட்டுக் காட்டிக் கையேடு எழுதினார். துப்பாக்கி போய் பைனாகுலர் வந்தது. இந்தியாவில் 1941-ல் சாலிம் அலியின் நூல் வந்தது. முதல் பதிப்பில் 181 பறவைகளே. ஆரம்பிப்பவருக்கு அந்தக் குறைவுதான் பலம்.

1998-ல் கிரிம்மெட்டும் இன்ஸ்கிப் தம்பதியரும் எழுதிய துணைக்கண்ட நூலில் 1,300 இனங்கள். வேலூர்க்காரர் அதைப் புரட்டினால் இமயமலைக் குருவிகளில் சிக்கிக்கொள்வார். 2005-ல் தென்னிந்தியாவுக்கென்றே தனி நூல் வந்தது நல்லதாயிற்று.

ஒரு உதாரணம். பாறைக் குன்றுப் புதரில் வெண்புருவச் சின்னான் உண்டு. ஜெர்டன் முதலில் விவரித்த, அரிதான மஞ்சள் தொண்டைச் சின்னானும் இதே மாதிரி இடங்களில்தான் வாழும். ஒன்றுக்குக் கண்மேல் வெள்ளைக் கோடு, மற்றதற்குத் தலையும் தொண்டையும் மஞ்சள். இவ்வளவு தெரிந்தால் போதும், சுடவேண்டியதில்லை.

கூடவே க. ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' இருப்பது நல்லது. ஆடு மேய்ப்பவரிடம் ஹூப்போ என்றால் விழிப்பார். கொண்டலாத்தி என்றால் இடத்தையே காட்டுவார்.