கேம்பல் பேயில் கூடிய சபைகள்: தென் நிக்கோபார்க் கிறிஸ்தவத்தின் வரலாறும் வரும் ஆண்டும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் திருச்சபை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கார் நிக்கோபாரில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். பேராயர் ஜான் ரிச்சர்ட்சனின் வாழ்க்கை அவ்வளவு பெரியது. அதைத் தாண்டித் தெற்கே யாருடைய பார்வையும் எளிதில் போவதில்லை. பெரிய நிக்கோபாரின் கிழக்குக் கரையில், போர்ட் பிளேயரிலிருந்து ஏறத்தாழ 540 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கேம்பல் பேயின் சபைகள் இதனால் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டன. இது பெரிய குறை என்று நான் கருதுகிறேன். இத்தீவுகளில் கிறிஸ்தவம் இரண்டு வழிகளில் வளர்ந்தது. குடியேறியவர்கள் தங்களோடு கொண்டுவந்த சபை ஒன்று. தீவு மக்கள் தங்கள் மொழியில் ஏற்று, தாங்களே நடத்திய சபை மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே ஊரில் பக்கம்பக்கமாக வாழ நேர்ந்த இடம் கேம்பல் பே. அங்குள்ள சபைகளின் இன்றைய ஊழியத்தையும் எதிர்பார்ப்புகளையும் இந்தப் பின்னணி இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது.

தொடக்கம் தமிழகக் கரையில் இருக்கிறது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டி ஆண்ட டேனியர் 1756இல் நிக்கோபார்த் தீவுகளைத் தமதாக்கி, அங்கிருந்தே நிர்வகித்தனர். முதல் குடியேற்றத்தைப் பெரிய நிக்கோபாரில்தான் அமைத்தார்கள். காய்ச்சல் அதை நிலைக்கவிடவில்லை. பின்னர் காமோர்ட்டாவுக்கு நகர்ந்தனர். 1768இல் மொராவிய சகோதரர்கள் தரங்கம்பாடியிலிருந்து நான்கௌரிக்குப் போய் ஊழியம் தொடங்கினர். 1787 வரை தாக்குப்பிடித்தார்கள். காட்டை வெட்டி, குடிசை போட்டு, தோட்டம் வைத்து, செலவுக்குச் சங்கும் சிப்பியும் சேகரித்து விற்று வாழ்ந்த அவர்களில் 11 பேர் நான்கௌரியிலேயே இறந்தனர். மேலும் 13 பேர் தரங்கம்பாடிக்குத் திரும்பிய சிறிது காலத்தில் இறந்தனர். எஞ்சியவர்களுள் ஒருவரான ஹென்செல் எழுதிய கடிதங்கள் 1812இல் லண்டனில் அச்சாயின. அவற்றைப் படிக்கும்போது அந்த உழைப்பின் முன் தலைவணங்கவே தோன்றுகிறது. ஆனாலும் அவர்கள் ஒரு சபையை விட்டுச்செல்லவில்லை.

ஏன்? காய்ச்சலை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். 1706இல் இதே தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, வந்த வேகத்தில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார். 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. நான்கௌரியில் அப்படி எதுவும் நிகழவில்லை. தீவு மொழி ஊழியர்களுக்குப் பிடிபடவே இல்லை. ஹென்செலே அந்தச் சிரமத்தைச் சொல்கிறார். கற்றுக்கொடுக்கக்கூடிய உள்ளூர் உதவியாளர் ஒருவரும் உருவாகவில்லை. ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட இரண்டு ஊழியங்களில் ஒன்று வேரூன்றியதற்கும் மற்றொன்று கருகியதற்கும் இதுவே முதன்மைக் காரணம் என்பது என் துணிபு.

1868இல் டேனியர் தம் உரிமையை ஆங்கிலேயரிடம் விட்டனர். அடுத்த திருப்பத்தை உண்டாக்கியவர் ஒரு தமிழர். வேதப்பன் சாலமோன் என்ற உபதேசியார் 1890களின் நடுவில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் அரசின் முகவராக அமர்த்தப்பட்டார். அரசு வேலை, பள்ளிக்கூடம், வேதபோதனை மூன்றையும் ஒரே ஆளாகப் பார்த்தார். ஊரில் நடந்ததை நாட்குறிப்பில் எழுதிவைத்தார்; அதன் பகுதிகள் 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் இடம்பெற்றன. தேங்காய் வாங்க வரும் கப்பல்களின் வியாபாரமும் ஊர்ச் சடங்குகளும் அவர் எழுத்தில் அடுத்தடுத்து வருகின்றன. 1909இல் அவர் இறந்தபோது ஞானஸ்நானம் பெற்றவர்கள் சிலரே. ஆனால் அவரிடம் படித்த ஹாசெவ்கா என்ற சிறுவன் மாண்டலேயில் மேற்படிப்பு முடித்து, 1912இல் ஜான் ரிச்சர்ட்சன் என்ற ஆசிரியராக ஊர் திரும்பினார். தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாறுகளில் சாலமோனுக்குச் சரியான இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ரிச்சர்ட்சன் அவசரப்படவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்த பிறகே 1934இல் உதவிகுருவாக அபிஷேகம் பெற்றார். ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது தீவினர் பலர் கொல்லப்பட்டனர். அவர்களில் அவருடைய மகனும் ஒருவர். வெளியிலிருந்து ஒரு ஊழியரும் வர முடியாத அந்த ஆண்டுகளைச் சபை தாண்டி வந்தது. போருக்குப் பின்னர்தான் மக்கள் திரளாகத் திருச்சபைக்கு வந்தார்கள். 1950இல் அவர் பேராயரானார். கார் நிக்கோபார் மொழியில் புதிய ஏற்பாடும் அதே ஆண்டு வெளிவந்தது. 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1966இல் தீவுகள் தனித் திருமண்டலமாயின. முழு வேதாகமம் 1969இல் வந்தது. 1970இல் இத்திருமண்டலம் வட இந்தியத் திருச்சபையில் இணைந்தது. கார் நிக்கோபாரிலிருந்து இந்த ஊழியம் தெற்கே பரவியது. பெரிய நிக்கோபாரின் மேற்கு, தெற்குக் கரைகளில் இருந்த புலோ பாஹா, கோகியோன், சிங்கென் போன்ற சிற்றூர்களுக்குச் சுவிசேஷம் ஐரோப்பியர் கையால் வராமல், பக்கத்துத் தீவினர் வழியாக வந்தது. தென் தீவுகளின் பேச்சு வேறு. ஆனால் வேதமும் வழிபாடும் கார் நிக்கோபார் மொழியில். இந்த இடைவெளியை ஆய்வாளர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை. காட்டுக்குள் வாழும் ஷொம்பென் மக்களோ இந்த வரலாற்றுக்கு வெளியே தங்கள் வழியில் வாழ்கிறார்கள். அவர்கள் அப்படியே இருக்க உரிமை உடையவர்கள்.

குடியேறியவர்கள் கொண்டுவந்த சபை என்ற மற்ற வழி நன்கு அறியப்பட்டதே. 1918இல் காடு வெட்ட ராஞ்சியிலிருந்து அழைத்துவரப்பட்ட ஆதிவாசிகள் கத்தோலிக்கச் சபையை அந்தமானுக்குக் கொண்டுவந்தனர். 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் மாயாபந்தர் அருகே பாப்டிஸ்ட் சபையை. பெரிய நிக்கோபாரில் இது 1969க்குப் பிறகு நடந்தது. 1969 முதல் 1980 வரை பஞ்சாப், மகாராஷ்டிரம், ஆந்திரம், கேரளம், தமிழ்நாடு முதலிய மாநிலங்களைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் குடும்பங்கள் ஏறக்குறைய 330 இங்கே நிலம் கொடுத்துக் குடியமர்த்தப்பட்டன. கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று ஊர்கள் எழுந்தன. குருத்வாரா, கோயில் இவற்றோடு தேவாலயமும் வந்தது. 1984இல் போர்ட் பிளேயர் தனி மறைமாவட்டமானது.

இவ்விரு வகைச் சபைகளும் ஒரே தீவில் இருந்தும் ஒன்றையொன்று அதிகம் பார்த்ததில்லை. ஒன்று கிழக்குக் கரையில், சாலை ஓரத்தில். மற்றது சாலையே எட்டாத மேற்கிலும் தெற்கிலும். இவற்றை ஓரிடத்தில் சேர்த்தது 2004 டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை ஆறரை மணியளவில் நிலம் நடுங்கியது. பின்னாலேயே கடல் வந்தது. தெற்கு முனையில் இந்திரா முனை ஏறத்தாழ நான்கேகால் மீட்டர் தாழ்ந்தது. குடியேறியவர்களின் தென் கிராமங்கள் அழிந்தன. நிக்கோபாரிகளின் கரையோர ஊர்கள் தேவாலயங்களோடும் கல்லறைகளோடும் போயின. பிழைத்தவர்கள் கேம்பல் பேக்குக் கொண்டுவரப்பட்டு, தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்து, பிறகு ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் குடியேற்றப்பட்டனர்.

இதற்குப் பின் கேம்பல் பேயில் கூட்டம் பெருகியதை வெறும் வளர்ச்சி என்று எழுதிவிடக் கூடாது. நிக்கோபாரிச் சபையின் ஊழியம் நிலத்தோடு பின்னியது. பெரிய தாழம்பழத்தை வேகவைத்து, சிப்பியால் சுரண்டி, நாரை நீக்கி, பிசைந்து கட்டியாக்கினால்தான் அது சாப்பாடு. பண்டிகை விருந்துக்குப் பன்றி வேண்டும்; பன்றிக்குத் தேங்காய் வேண்டும்; தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். நெல்லைச் சீமையின் அசன விருந்தில் ஊரே ஒரு பந்தியில் உட்காருவதைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் புரியும்: தோப்பை இழந்த சபை, விருந்தையும் இழக்கிறது. ரேஷன் அரிசியும் கூலி வேலையும் அந்த இடத்தை நிரப்பவில்லை. ஆகவே சுனாமிக்குப் பிந்தைய ஊழியத்தின் முதல் வேலை, சிதறிய குடும்பங்களை மறுபடி ஒரே பந்தியில் உட்காரவைப்பதாகவே இருந்தாக வேண்டும். ஞாயிறு ஆராதனை, வாலிபர் பாடகர் குழு, பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளி எல்லாமே அந்த ஒரு வேலையின் பகுதிகள். ஊரின் பொதுமொழி இந்தி. நிக்கோபாரிக் குழந்தைகள் அதிலேயே படிக்கிறார்கள். சாலமோனும் ரிச்சர்ட்சனும் கட்டியதன் அடித்தளம் தாய்மொழி என்பதால், இதை நான் கவலையோடு பார்க்கிறேன்.

அடுத்த ஆண்டைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இப்போது நிலத்தில் வந்து நிற்கிறது. கலாத்தியா வளைகுடாவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் என்று தொடக்கத்தில் 72,000 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்ட பெரிய நிக்கோபார்த் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதே மாதம் சிறிய, பெரிய நிக்கோபார்ப் பழங்குடி மன்றம், 130 சதுர கிலோமீட்டர் காட்டை ஒதுக்கத் தான் முன்பு தந்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. சுனாமிக்கு முந்தைய தங்கள் ஊர்களுக்குத் திரும்பிப் போவதே தங்கள் விருப்பம் என்று அம்மக்கள் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். 2011 கணக்குப்படி எட்டாயிரம் சொச்சம் பேர் வாழ்ந்த தீவில், முப்பது ஆண்டுகளில் மூன்றரை லட்சம் பேர் இருப்பார்கள் என்கிறது திட்டம். அவர்களோடு புதிய சபைகளும் வரும். தமிழிலும் மலையாளத்திலும் வழிபாடு பெருகும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் திருச்சபைக்கு இது நல்ல செய்தியாகத் தெரியும். ஆனால் பழைய ஊர்களுக்குத் திரும்பும் நம்பிக்கையைப் பலிகொடுத்து வரும் பெருக்கத்தை வளர்ச்சியாக எண்ணுவதற்கு, மேலே கண்ட வரலாற்றில் எந்த ஆதாரமும் இல்லை.

வரும் ஆண்டில் இங்குள்ள சபைகள் கையில் எடுக்கக்கூடிய, காலம் கடத்தக் கூடாத வேலை ஒன்று உண்டு. 2004இல் நாற்பது வயதில் இருந்தவர்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. எந்த ஊரில் தேவாலயம் எங்கே நின்றது, யார் கட்டினார், உபதேசியார் எந்தத் தீவிலிருந்து வந்தார், யார் எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது அவர்கள் நினைவில்தான் இருக்கிறது; பதிவேடுகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. புலோ பாஹா, கோகியோன், சிங்கென் என்று ஊர்வாரியாக, அவர்கள் சொந்தப் பேச்சிலேயே இவற்றைக் கேட்டு எழுதிவைக்க வாலிபர் சங்கமும் ஒரு சில நோட்டுப் புத்தகங்களும் போதும். நிலத்தின் மீதான உரிமையை நாளை நிறுவ வேண்டி வந்தால், அந்த நோட்டுகள் சபைக்கு மட்டுமல்லாமல் ஊருக்கே சாட்சியாகும்.