ஒரு வியூகம், எட்டு மணி நேரம்

அமெரிக்கக் கால்பந்தில் தெரிந்துகொள்ள இனி அதிகமில்லை என்ற நினைப்போடுதான் இளம் பயிற்சியாளர் ஜான் மேடன் அந்த வகுப்புக்குப் போனார். பாடம் எடுத்தவர் வின்ஸ் லோம்பார்டி. அவர் எட்டு மணி நேரம் பேசியது ஒரே ஒரு வியூகத்தைப் பற்றி.

பவர் ஸ்வீப் என்று பெயர். 1958-ல் 12 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்ற கிரீன்பே பேக்கர்ஸ் அணியை மறு ஆண்டு ஏற்ற லோம்பார்டி, இதைத்தான் தலையாய ஆயுதமாக்கினார். பந்து கைமாறியதும், ஜெரி கிராமரும் ஃபஸி தர்ஸ்டனும் தங்கள் இடத்தை விட்டு வலப்பக்கம் ஓடுவார்கள். இருவரும் கார்டுகள், பந்தைத் தொடாமல் வழி மட்டும் திறந்துவிடுகிறவர்கள். பின்னால் பந்தோடு பால் ஹார்னங். ஓரத்தில் நிற்கும் டைட் எண்ட், எதிரே உள்ள தடுப்பாளர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கமே தள்ளிக்கொண்டு போவார். உள்ளே தள்ளினால் ஹார்னங் வெளியே ஓட வேண்டும். வெளியே தள்ளினால் உள்ளே. முடிவெடுக்க அரை நொடிகூடக் கிடைக்காது. இதை எளிமை என்று சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். காகிதத்தில் எளிது; காலில் வருவதற்கு ஆயிரம் முறை ஓட வேண்டும்.

நேர் எதிர்த் துருவம், டல்லஸ் கவ்பாய்ஸின் டாம் லாண்ட்ரி. இருவரும் முன்பு நியூயார்க் ஜயண்ட்ஸில் உதவிப் பயிற்சியாளர்கள்: லோம்பார்டி தாக்குதலுக்கு, லாண்ட்ரி தற்காப்புக்கு. தடுப்பாளர்கள் எதைப் பார்த்து ஆட்டத்தைக் கணிக்கிறார்கள் என்பது லாண்ட்ரிக்கு அத்துப்படி. அந்தக் கணிப்பைக் குலைக்கத்தான் விதவிதமான அணிவகுப்புகள், கடைசி நேர இடமாற்றங்கள். முன்வரிசை வீரர்கள் ஒருசேர எழுந்து நின்று மறுபடி குனிவார்கள். அந்த மறைப்பில் பின்னால் இருப்பவர்கள் இடம் மாறிவிடுவார்கள்.

1967 டிசம்பர் 31. இருவரின் அணிகளும் கிரீன்பேயில் மோதின. உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ். டல்லஸ் 17-14 என முன்னிலை. மீதம் 16 விநாடிகள். இலக்குக் கோட்டுக்கு ஒரு கஜம்கூட இல்லை. ஓட முயன்றவர்களின் கால்கள் பனியில் வழுக்கின. பேக்கர்ஸின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் பந்தை யாரிடமும் கொடுக்காமல், கிராமர் பிளந்த இடைவெளியில் தானே பாய்ந்தார். 21-17.

அன்று தோற்றது லாண்ட்ரியின் சிந்தனை என்று பலர் எழுதினார்கள். நான் ஏற்கவில்லை. அந்தத் தரையில் எந்த நுணுக்கத்துக்கும் கால் ஊன்ற இடமில்லை. 1972 ஜனவரியில் மயாமி அணியை 24-3 என வீழ்த்தி, சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை லாண்ட்ரியும் வென்றார். லோம்பார்டி 1970-லேயே காலமாகியிருந்தார். லாண்ட்ரிக்குக் கிடைத்த சூப்பர் பவுல் கோப்பைக்கு அப்போதே வின்ஸ் லோம்பார்டி கோப்பை என்று பெயர்.