வேடந்தாங்கல் கவுல்

1790-களில் வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டிய பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டு வீழ்த்தினார்கள். பொறுக்க முடியாத ஊர் விவசாயிகள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-ல் அவர் ஒரு கவுல், அதாவது உரிமைப் பத்திரம், எழுதிக் கொடுத்தார்: ஏரியில் யாரும் பறவை பிடிக்கவோ சுடவோ கூடாது, காக்கும் உரிமை ஊராருக்கே. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பிறக்க அப்போது இன்னும் 74 ஆண்டுகள் இருந்தன.

ஊராரின் அக்கறைக்குக் காரணம் கழனியில் இருந்தது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பியதும், தண்ணீரில் இடுப்பளவு மூழ்கி நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் கரண்டிவாயனும் கிளைக்குக் கிளை கூடு கட்டும். எச்சம் விழுந்து இலைகளெல்லாம் வெள்ளை பூசினாற்போல் ஆகும். அந்த எச்சம் கரைந்த தண்ணீர் மதகு வழியாக நெல்வயலுக்குப் பாயும்போது தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடவே போகும். பறவை போனால் உரம் போகும் என்பதை எந்த அதிகாரியும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கவுலின் பயணம் அதோடு முடியவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி முடிந்த 1858-ல் அன்றைய கலெக்டர் அதே உரிமையை மீண்டும் உறுதி செய்தார். 1972-ல் நாடு முழுமைக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998-ல் அதன்கீழ் ஏரி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-ல் சரணாலய எல்லையைச் சுருக்கும் யோசனை எழுந்தபோது தமிழகம் முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. 2022-ல் ஈரநிலங்களைக் காக்கும் உலக ஒப்பந்தமான ராம்சாரின் பட்டியலிலும் வேடந்தாங்கல் இடம்பெற்றது. ஒரு கலெக்டரின் கையெழுத்து இப்படி உலக ஒப்பந்தம் வரை நடந்து வந்திருக்கிறது.

முன்னோடி என்று லயனல் பிளேஸைச் சொல்வது வழக்கம். கையெழுத்துப் போட்டவர் அவர். கேட்டு வாங்கியவர்கள், வாங்கியதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் பேர் தெரியாத விவசாயிகள். முன்னோடிகள் அவர்களே.

இதைத் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்களான நாம் கட்டாயம் யோசிக்க வேண்டும். நம் வாணியம்பாடியையும் ஆம்பூரையும் தொட்டு ஓடும் பாலாறு, வேடந்தாங்கல் இருக்கும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் கடலில் கலக்கிறது. தோல் பதனிடும் கழிவு இந்த ஆற்றைக் கெடுத்ததற்கு எதிராக 1996-லேயே உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பளித்தது; மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. ஆனால் தீர்ப்பு ஆற்றங்கரையில் நின்று காவல் காக்காது. வேடந்தாங்கலில் கவுலுக்கு உயிர் கொடுத்தது ஊர். நம் ஏரிக்கும் ஆற்றுக்கும் அந்தக் காவலை நாம்தான் தர வேண்டும்.