எல். எஸ். டி.: மூன்றெழுத்தின் வரலாறு

எல். எஸ். டி. என்னும் மூன்றெழுத்துக்களைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இவற்றைக் கேட்டதும் உங்கள் நினைவுக்கு வருவது ஒரு போதைப்பொருள். எனக்கு நினைவு வருவதோ ஒரு நாணய வாய்பாடு. இவ்வேறுபாட்டை உணராமல் நான் செய்த பிழை ஒன்றையும் இறுதியில் சொல்கிறேன்.

முதலில் பழைய பொருளைக் காண்போம். இங்கிலாந்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்; 20 ஷில்லிங் ஒரு பவுன். கணக்கேடுகளில் இவற்றை எல். எஸ். டி. என்று குறித்தனர். 'பவுன்' என்ற சொல்லில் 'எல்' ஏது? 'பென்ஸ்' என்ற சொல்லில் 'டி' ஏது? இவை ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் அல்ல. லிப்ரா, சாலிடஸ், தினாரியஸ் என்னும் இலத்தீன் சொற்களுக்கு உரியவை. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சார்லமேன் மன்னர் ஒரு பவுன் வெள்ளிக்கு 240 தினாரியஸ் என வகுத்தார். பிரெஞ்சுக்காரரின் லீவ்ர், சோல், தெனியே ஆகியனவும் அம்முறையின் வழிவந்தனவே. பிரான்சு 1795-இல் அதைக் கைவிட்டது. இங்கிலாந்து 1971 பிப்ரவரி 15 வரை விடவில்லை.

தினாரியஸ் நமக்குப் புதியதன்று. எங்கள் தேங்காய்த்திட்டிலிருந்து ஆற்றைக் கடந்து சென்றால் அரிக்கமேடு. அங்கே 1945-இல் வீலர் நடத்திய அகழாய்வு, உரோமரோடு நாம் செய்த வணிகத்தை உலகறியச் செய்தது. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளித் தினாரியஸ் காசுகள் கொங்கு நாட்டில் புதையல்களாகக் கிடைத்துள்ளன. ஆங்கிலேயர் கணக்கேட்டில் 'டி' ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, அதற்குரிய காசு தமிழ் மண்ணுக்கு வந்துவிட்டது.

இனி, மற்றப் பொருள். ரை என்னும் தானியக் கதிரில் ஒரு பூஞ்சணம் பற்றும். அதனால் கதிரில் கருநிற முள் போன்ற காய் நீண்டு நிற்கும். சேவலின் கால்முள்ளைக் குறிக்கும் 'எர்கோ' என்ற பிரெஞ்சுச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. நம் கம்புப் பயிரில் காணும் தேன் ஒழுகல் நோயும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அப்பூஞ்சணத்தின் வேதிப்பொருளைச் சிதைத்துப் பெற்ற அமிலம் லைசர்ஜிக் அமிலம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் நிறுவனத்தின் வேதியியலறிஞர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-இல் அதிலிருந்து ஒரு புதுப்பொருள் செய்தார். அவர் நாடியது குருதியோட்டத்துக்கும் மூச்சுக்கும் உதவும் மருந்தையே. அப்பொருளின் மனமயக்கும் தன்மை 1943 ஏப்ரலில்தான் தற்செயலாக அவருக்குப் புலப்பட்டது. அவர் எழுதியது செருமானிய மொழியில். அம்மொழியில் அமிலத்துக்குச் 'சாய்ர' என்று பெயர். நடுவிலுள்ள 'எஸ்' அதுவே. 'டி' என்பது டையெத்திலமைடு. வரிசையில் 25-ஆவது ஆதலால் எல். எஸ். டி.-25 எனப்பட்டது.

சில காலம் மருத்துவர்கள் மனநோய் ஆய்வில் இதைப் பயன்படுத்தினர். பின்னர் இது தெருவுக்கு வந்தது. கண்ணுக்குப் புலனாகாத அளவே மனத்தைக் குலைக்கும். இல்லாததை இருப்பதாகக் காட்டும். காலமும் இடமும் தடுமாறும். 1971-இல் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று இதைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றமாக்கியது.

இப்போது என் பிழை. பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, எல். எஸ். டி. என்றால் என்ன?" என்றான். நான் பவுன், ஷில்லிங், பென்ஸ் என்று விளக்கினேன். வகுப்பு சிரித்தது. அவன் என்னை எள்ளுகிறான் என எண்ணி, "உட்கார்!" என்று அதட்டிவிட்டேன். நெடுநாள் கழித்து, குடும்பத்தோடு என்னைக் காண வந்தவன் சொன்னான்: "ஐயா, கடற்கரையில் ஒருவர் தபால்தலை அளவில் ஒரு தாள்துண்டைக் கொடுத்து, இதுதான் எல். எஸ். டி. என்றார். அதனால்தான் கேட்டேன்." நல்லவேளையாக அவன் அதை வாயில் இடவில்லை. அவனைக் காத்தது அவனுடைய அச்சம், என் விடையன்று. கேட்கும் மாணவனை 'ஏன் கேட்கிறாய்?' என்று முதலில் வினவவேண்டும் எனப் பயிற்சிக் கல்லூரியில் படித்தவன் நான். அன்று அதை மறந்தேன்.

ஆதலால், மாணவர்களே! ஒரு குறுக்கெழுத்தை எவரேனும் உங்களிடம் சொன்னால், அதன் விரிவென்ன, எம்மொழிச் சொல், சொல்பவர் எதற்காகச் சொல்கிறார் என்று கேளுங்கள். ஆசிரியர் தவறாகப் புரிந்துகொண்டால் தயங்காது மீண்டும் கேளுங்கள். அன்று அம்மாணவன் இரண்டாம் முறை கேட்டிருந்தால், நான் வெட்கப்பட்டேனும் உண்மையை அறிந்திருப்பேன்.