பிளென்ஹைம் பாலமும் கற்றச்சர் கூலியும்

இங்கிலாந்தில் ஒக்ஸ்போட் நகருக்கு அண்மையில், வுட்ஸ்டொக் என்னும் சிற்றூரையடுத்துப் பிளென்ஹைம் மாளிகை இருக்கின்றது. அதன் பூங்காவிலுள்ள பெரிய கற்பாலம் இன்று சட்டத்தின் முதலாந்தரப் பாதுகாப்பைப் பெற்ற சின்னம். மாளிகையும் பூங்காவும் 1987இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. ஏரி நீரில் வளைவு நிழலாடக் காண்போர், ஏரியைக் கடக்கவே பாலம் எழுந்தது என எண்ணுவர். உண்மை இதற்கு மறுதலையானது.

1704இல் டான்யூப் நதியருகே பிரெஞ்சு, பவேரியப் படைகளை வென்ற மார்ல்பரோ கோமகனுக்கு ஆன் அரசி வுட்ஸ்டொக் நிலத்தை அளித்தார். மாளிகையும் அரச செலவிலேயே தொடங்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஜோன் வான்பறோ நாடகாசிரியருமாவார். பாலத்திலும் நாடகத்தையே கண்டார் போலும். அங்கு ஓடியது கிளைம் என்னும் சிற்றோடை. அதன்மேல் அவர் எழுப்பியதோ நூறு அடி அகல நடுவளைவும், முப்பதுக்கு மேற்பட்ட உள்ளறைகளும் கொண்ட பாலம்! கிறிஸ்தோபர் ரென் வரைந்த சிறிய பாலம் ஏற்கப்படவில்லை. கோமகள் சாரா செலவைக் கண்டித்தும் பயனில்லை.

அரசியற் காற்று மாறிற்று. 1711 இறுதியிற் கோமகன் பதவி இழந்தார். 1712இல் திறைசேரி கையை மூடவே வேலையும் நின்றது. அப்போது மாளிகைப் பணிகளுக்காக நிலுவையிலிருந்த கடன் 45,000 பவுண். கடனாளி அரசா, கோமகனா? இவ்வினாவைப் பெரியோர் ஆண்டுக்கணக்காக விவாதித்தனர். கூலியை நம்பிக் கல் செதுக்கியவனின் அடுப்பை அவ்விவாதம் எரிக்கவில்லை. எட்வேட் ஸ்ட்ரோங் போன்ற பெரிய ஒப்பந்தக் கற்றச்சருக்கு வழக்காட வசதியிருந்தது. கோமகன்மீது வழக்கும் தொடுத்தார். வண்டியிற் கல்லேற்றியவனும் சுண்ணாம்பு குழைத்தவனும் எந்த மன்றத்தின் வாயிலை மிதித்திருப்பர்? பின்னர் கோமகன் தம் செலவில் வேலையைத் தொடர்ந்தபோது முன்னையிலும் குறைந்த கூலியே தரப்பட்டது. ஸ்ட்ரோங் திரும்பவில்லை. நம் வகுப்பறைகளில் பிளென்ஹைம் போரின் ஆண்டைக் கேட்கிறோம். இந்தக் கணக்கைக் கேட்பதில்லை.

கோமகளோடு பிணங்கி 1716இல் விலகிய வான்பறோ, 1725இல் தம் படைப்பைக் காண வந்தபோது உள்ளே விடப்படவில்லை. பாலத்தின்மேல் அவர் எண்ணியிருந்த தூண் மண்டபமும் எழவேயில்லை.

ஓடைக்குப் பாலம் பெரிதாகிவிட்டதல்லவா? 1760களில் லான்ஸ்லொட் பிறவுண் அணைகட்டி, பாலத்துக்கேற்ப நீரைப் பெருக்கினார். ஏரி பிறந்தது. முன்னோர் செதுக்கிக் கட்டிய கீழறைகள் அந்நீரில் மூழ்கின.